யெ. சௌலேவுக்கு நன்றி

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
12 ஏப்ரல் 1987

அக்கா,

கனமான கவரைப் பார்த்ததும், "பிலிப் ஏதோ வேலை வைக்கிறான்" என்று மச்சானிடம் சொல்லியிருப்பாய். வேலை ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது என் புத்தகத்தின் புரூஃப். "உன் கல்யாணத்துக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா" என்று நீ வருஷா வருஷம் கேலி செய்தாயே, அதேதான். பின்னாடி வருவதற்கு வாய்ப்பில்லாததால் முன்னாடியே வந்துவிட்டது.

பகலெல்லாம் கம்பெனிக்காக ரஷ்ய எண்ணெய்க் கிணறு ரிப்போர்ட்டுகளை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் பெர்க்லி லைப்ரரியில் போய் உட்கார்ந்து எழுதியது. போன தடவை போனில் ஜூடித், "வாட் இஸ் இட் அபவுட், மாமா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன், அவளுக்கு நீ படித்துச் சொல்.

கஸாக் நாட்டில் யெர்ஜான் தௌலெத் என்று ஒரு வாத்தியார் இருந்தார். ஆட்டு மந்தைகளோடு ஊர் ஊராகப் போகிற ஜனங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஓரிடத்தில் தங்கும் குளிர்காலத்தில் மட்டும் பள்ளிக்கூடம் நடத்தினார். கரும்பலகை ஒட்டகத்தின் மேல் வரும். பிள்ளைகள் சொந்த மொழியில் படிக்கட்டும் என்று அரிச்சுவடி எழுதினார். 1917இல் புரட்சி வந்தபோது, அவரும் அவரைப் போன்ற வாத்தியார்களும் வக்கீல்களும் சேர்ந்து, எங்கள் ஜனத்தை நாங்களே ஆள்கிறோம் என்று ஒரு அரசாங்கம் அமைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு சோவியத்துக்காரர்களிடமே கல்வி இலாகாவில் வேலை பார்த்தார். 1930இல் ஒரு முறை பிடித்தார்கள், விட்டார்கள். இதற்குள் எழுத்தையே மாற்றிவிட்டதால் அவருடைய அரிச்சுவடியை அடுத்த தலைமுறைக்கு வாசிக்கவே தெரியவில்லை. 1937இல் மறுபடி பிடித்தார்கள். சுட்டுவிட்டார்கள். குற்றம், தேசியவாதி, மக்களின் விரோதி. மனைவியை முகாமுக்கு அனுப்பினார்கள். மிச்சம் நாலு வயசுப் பெண் குழந்தை.

அந்தக் குழந்தைதான் நம் டீச்சர். அல்மா ஆட்டாவில் நீ டாக்டருக்கும் நான் சுரங்கத்துக்கும் படிக்கப் போன முதல் வருஷம் நமக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த சௌலே டீச்சர்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பு. நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயரைப் பார். "யெ. சௌலே." நம் ஊர் வழக்கப்படி இனிஷியலோடு. அங்கே இப்படி யாரும் எழுதுவதில்லை, அதனால் ஒருத்தனுக்கும் புரியாது. டீச்சருக்கு மட்டும் புரியும். முதல் நாள் வகுப்பில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "இந்த எழுத்து என்ன?" என்று கேட்டார் அல்லவா? "அது எங்க அப்பா. சுவிசேஷமுத்து. எங்க ஊர்ல அப்பாவை ஒரே எழுத்தா முன்னாடி வெச்சுக்குவோம்" என்றேன். அன்று முழுக்க அவர் என்னை "அப்பாவைச் சுமக்கிற பையன்" என்றே கூப்பிட்டார்.

ஜூலை மாசம் அச்சுக்குப் போகிறது. ஒரு தடவையாவது நல்லதாக நாலு வார்த்தை எழுது.

சு. பிலிப்


மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
24 ஏப்ரல் 1987

பிலிப்,

முன்னால் "அன்புள்ள" என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அடித்தது தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நைட் டியூட்டி முடிந்து வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? யெர்ஜானைப் பற்றி ஒரு முழுப் புத்தகம். அதன் கடைசியில் யெ. சௌலே. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய உளவுத்துறை வேண்டுமா? என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். "ஸோ ஷீ இஸ் ஹிஸ் டாட்டர், ரைட்?" என்றாள், சீரியல் சாப்பிட்டுக்கொண்டே.

டீச்சர் யார் வீட்டுப் பெண்ணாக வளர்ந்தார் என்று மறந்துவிட்டாயா? தாய்மாமா காசிம் அவரைத் தன் பிள்ளை என்று எழுதிக்கொடுத்தார். அங்கே மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். "சௌலே காசிமொவ்னா" என்று நாம் தினமும் வணக்கம் சொன்னோம். மரியாதையாகக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் மாமா பெயரைத்தான் சொன்னோம். கஸாக் பிள்ளைகள் ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரை ஒப்பிக்க வேண்டும், யாராவது பெரியவர் கேட்டால் நின்று சொல்ல வேண்டும். டீச்சர் நாலு வயசில் மாமா வம்சத்தை ஒப்பிக்கக் கற்றுக்கொண்டார். ஏழும் வேற்றுப் பெயர். அதை வைத்துத்தான் பள்ளிக்கூடம் போனார், வேலை வாங்கினார், கல்யாணம் செய்தார். நம்மிடம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். நாம் அந்நியர்கள், ஊருக்குப் போய்விடுவோம் என்பதால் சொன்னார். நீ புத்தகம் போடுவாய் என்று தெரிந்து சொல்லவில்லை.

போன டிசம்பரில் அல்மா ஆட்டாவில் என்ன நடந்தது என்று நீயும் பேப்பரில் படித்தாய். மாஸ்கோவிலிருந்து ஆளை அனுப்பித் தலைவராக உட்கார வைத்ததற்கு எதிராகச் சதுக்கத்தில் நின்ற பிள்ளைகளை அடித்து நொறுக்கினார்கள். "தேசியவாதி" என்ற வார்த்தை மறுபடி கிளம்பிவிட்டது. காலேஜ் காலேஜாகச் சலிக்கிறார்கள். டீச்சரின் மகன் அஸ்கார் அங்கேதான் படிக்கிறான். டீச்சருக்கு அடுத்த வருஷம் பென்ஷன். இந்த நேரத்தில் நீ அவர் நெற்றியில் அப்பா பெயரை எழுதி அனுப்புகிறாய்.

உனக்கு அந்த ஊர் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாதே. டீச்சர் முதல் தடவை நம் ஹாஸ்டலுக்கு வந்த அன்று என்ன செய்தாய்? பெரிய உபசாரம் என்று கிண்ணம் தளும்பத் தளும்ப டீ ஊற்றிக் கொடுத்தாய். அந்த அம்மா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். அங்கே கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால்தான் இன்னும் இரு, மறுபடி ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு. நம் வீட்டில் அரை டம்ளர் கொடுத்தால் சண்டை வரும், அங்கே நேர் மாறு. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

அந்தப் பெயரை எடு.

ஜோசபின்


ஃப்ரீமாண்ட்
5 மே 1987

அக்கா,

முந்நூறு பக்கம் எழுதினேன். ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். மிச்சத்தைப் படித்தாயா என்று கூடத் தெரியவில்லை.

பெயரை எடுக்க மாட்டேன். 1972இல் நாம் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் டீச்சர் என்ன சொன்னார்? "பிலிப், ஒரு நாளைக்கு என் எழுத்தையும் எங்கேயாவது போடு." நீ பக்கத்தில் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தாய். உனக்கு எப்போதும் பெட்டிதான் முக்கியம்.

அந்த வாத்தியாரைச் சுட்டவர்கள் ஒரு மனிதனை மட்டும் சுடவில்லை. அவர் எழுதிய பாடப் புத்தகத்தை எரித்தார்கள், எழுத்தை மாற்றினார்கள், மகளின் வாயிலிருந்தே பெயரைப் பிடுங்கினார்கள். இப்போது நீயும் எடு என்கிறாய். அவர்கள் துப்பாக்கியைக் காட்டிச் சொன்னதை நீ அக்கறை என்று சொல்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். உன் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளாதே.

நம் அப்பாவை நினைத்துப் பார். 1949இல் கம்யூனிஸ்ட் கட்சி தடையில் இருந்தபோது, "எனக்கும் கட்சிக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக்கொடுத்திருந்தால் வாத்தியார் வேலை தப்பியிருக்கும். எழுதவில்லை. ஜெயிலுக்குப் போனார். அவர் பெயரைப் போட்டு நான் இந்த நாட்டில் நடமாடுகிறேன். ஆபீசில் எவனுக்கும் சுவிசேஷமுத்து வாயில் நுழையவில்லை, "மிஸ்டர் எஸ்" என்கிறான். என்றாலும் மாற்றவில்லை. நீதான் கல்யாணம் ஆன மறுநாளே அப்பாவின் எழுத்தைக் கழற்றிவிட்டு மச்சான் பெயரை மாட்டிக்கொண்டாய். டீச்சரின் எழுத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன இருக்கிறது?

சு. பிலிப்


மான்மவுத் ஜங்ஷன்
14 மே 1987

பிலிப்,

அப்பா ஜெயிலுக்குப் போனது மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. எனக்கு மூணு வயசு, ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா அடுத்தவர்களின் பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுத்து நம்மை வளர்த்தார். அப்பா கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து நின்றார், குனிந்து நின்றது அம்மா. அந்த ஒரு வரியை எழுதட்டுமா வேண்டாமா என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை.

என் இனிஷியலைப் பற்றி எழுதியிருக்கிறாய். பாளையங்கோட்டையில் கல்யாண ரிஜிஸ்டரில் பாதிரியார் சு. என்பதை விட்டுவிட்டுப் பா. என்று எழுதினார். பால்துரையின் பா. என்னை யார் கேட்டார்கள்? அப்பா பக்கத்தில்தான் நின்றார், நீயும்தான் புதுச் சட்டை போட்டு நின்றாய். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறாய்.

ஸ்டேஷனில் டீச்சர் சொன்னது எனக்கும் கேட்டது. ரயில் கிளம்பும்போது, அழுதுகொண்டே சொன்னது. ரயிலடியில் சொன்னதையெல்லாம் சட்டமாக எடுத்துக்கொள்வாயா?

நீ தைரியசாலி, ஒத்துக்கொள்கிறேன். உன் தைரியத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார், அது ரொம்ப சௌகரியம். நீ ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாய். அவர் மகனைக் காலேஜிலிருந்து துரத்துவார்கள்.

நீ எடுக்காவிட்டால் நான் எடுக்க வைப்பேன். பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே.

ஜோசபின்


ஃப்ரீமாண்ட்
27 ஜூன் 1987

டாக்டர் ஜோசபின் பால்துரை அவர்களுக்கு,

இன்று பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. என் எடிட்டர் நல்ல மனுஷி, எட்டு மாசமாக என்னோடு உழைத்தவள். குரல் மாறியிருந்தது. "பிலிப், எ ஃபிசிஷியன் கால்டு அஸ். ஷீ செய்ஸ் எ உமன்ஸ் லைஃப் இஸ் இன் டேஞ்சர்" என்றாள். அந்தப் பெண் தன் பெயரைப் போடச் சம்மதித்து எழுதிக்கொடுத்த தாள் இருக்கிறதா என்று கேட்டாள். எங்கிருந்து வரும்? கடிதத்தை உடைத்துப் படித்துவிட்டு ஒட்டி அனுப்புகிற ஊருக்கு, "உங்கள் உண்மையான அப்பா பெயரைப் போடட்டுமா" என்று எழுதிக் கேட்க முடியுமா? வக்கீல் பயந்துவிட்டாராம். எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் இல்லை, எடிட்டருக்கு என் மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து.

என் அக்கா என்று சொல்லவில்லை, டாக்டர் என்று சொல்லி இருக்கிறாய். வீட்டுச் சண்டைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

அந்தக் காலத்தில் இப்படிச் செய்தவர்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஆபீசில் போய்ச் சொல்கிறவர்கள். யெர்ஜானையும் யாரோ ஒருவர் போய்ச் சொல்லித்தான் பிடித்தார்கள், கூட வேலை பார்த்த வாத்தியார். பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. நீ படித்திருக்க மாட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன். ஜூடித்திடம் நீயே ஒரு காரணம் சொல்லிக்கொள்.

சு. பிலிப்


மான்மவுத் ஜங்ஷன்
8 ஜூலை 1987

பிலிப்,

ஆமாம், நான்தான் போன் செய்தேன். மறுபடி அச்சடித்தால் மறுபடி செய்வேன்.

காட்டிக்கொடுக்கிறவள் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு சிங்க்கில் கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினேன். மச்சான் வந்து, "என்னம்மா, டிஷ்வாஷர் ரிப்பேரா?" என்று கேட்டார். எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம். அழுகை வேறு வந்து தொலைத்தது.

பதினோராம் அத்தியாயம் படித்தேன். எல்லா அத்தியாயமும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் பயந்தேன். சுமாராக எழுதியிருந்தால் யார் கடைசிப் பக்கம் வரை போகப்போகிறார்கள்?

வராவிட்டால் போ.

ஜோசபின்


ஃப்ரீமாண்ட்
3 டிசம்பர் 1987

அக்கா,

புத்தகம் வந்துவிட்டது. உனக்குத் தனித் தபாலில் ஒரு பிரதி. நன்றிப் பட்டியலில் பெர்க்லி லைப்ரரிக்காரர், எடிட்டர், டைப் அடித்துக் கொடுத்த ஜலஜா எல்லாரும் இருக்கிறார்கள். மேலே ஒரு வரிக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. நிரப்பட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு போலீசில் சொல்லலாம். எங்கள் கம்பெனி ஜியாலஜிஸ்ட் ஒருவர் மாஸ்கோவுக்குக் கான்ஃபரன்ஸ் போனார். அவரிடம் டீச்சருக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன். மாஸ்கோவில் படித்த பழைய நண்பன் மூலம் அல்மா ஆட்டாவுக்குப் போய்ச் சேரும். கடிதம் எதுவும் வைக்கவில்லை. உள்ளே என் கையெழுத்துக் கூட இல்லை. உன் அளவுக்கு நானும் ஜாக்கிரதைதான்.

உனக்கு வருஷா வருஷம் டீச்சரிடமிருந்து புத்தாண்டு அட்டை வருமே. இந்த வருஷம் வந்தால், புத்தகம் கிடைத்தது என்று ஜாடையாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று மட்டும் ஒரு வரி தெரிவி. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

சு. பிலிப்


மான்மவுத் ஜங்ஷன்
17 ஜனவரி 1988

பிலிப்,

அட்டை வரவில்லை.

பதினைந்து வருஷமாகத் தப்பாமல் வரும், பனி மூடிய மலையும் ஆப்பிளும் போட்ட அட்டை. போன வருஷமும் வந்தது, ரொம்பத் தாமதமாக, மார்ச் மாசத்தில், வெறும் கையெழுத்தோடு. பதிலுக்கு நான் எழுதவில்லை. டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கடிதம் போனாலே சந்தேகப்படுவார்கள் என்று நிறுத்திவிட்டேன். இந்த வருஷமும் அனுப்பவில்லை. நான் இவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறேன், நீ புத்தகத்தையே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

அவருக்கு ஏதாவது நடந்திருந்தால், பிலிப், உன் முகத்தில் முழிக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். உன் புத்தகத்தை ஷெல்ஃபில் முதுகு உள்ளே இருக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். ஜூடித் அதைத் திருப்பி வைக்கிறாள், நான் மறுபடி திருப்புகிறேன்.

ஜோசபின்


ஃப்ரீமாண்ட்
9 பிப்ரவரி 1989

அக்கா,

ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். இப்போது பேச எனக்கு உரிமை வந்துவிட்டது.

கத்தரித்த பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், படி. அல்மா ஆட்டாவில் பழைய வாத்தியார்கள், எழுத்தாளர்கள், 1937இல் கொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவராக, "குற்றமற்றவர்" என்று அறிவிக்கிறார்கள். அரசாங்கமே அறிவிக்கிறது. அவர்கள் பெயரை இப்போது ரேடியோவில் சொல்லலாம், பள்ளிக்கூடத்துக்கு வைக்கலாம். என் புத்தகத்தில் மட்டும் அந்த மகளின் பெயர் போட முடியாது, ஏனென்றால் மான்மவுத் ஜங்ஷனில் ஒரு டாக்டரம்மாவுக்கு அனுமதி இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வேண்டாம். "நீ சொன்னது சரி" என்று எழுது, போதும்.

சு. பிலிப்


மான்மவுத் ஜங்ஷன்
20 பிப்ரவரி 1989

பிலிப்,

மழை விட்ட பிறகு குடை எதற்கு என்று கேட்பது சுலபம்.

அணுகுண்டு சோதனைக்கு எதிரான டாக்டர்கள் குழு ஒன்று ஜூலையில் அல்மா ஆட்டாவுக்குப் போகிறது. ரஷ்ய மொழி தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். அப்ளை பண்ணினேன், எடுத்துக்கொண்டார்கள். டீச்சரை நேரில் பார்க்கப் போகிறேன். நம் இருவரில் யார் சொன்னது சரி என்று அவரிடமே கேட்டு வருகிறேன். நீ தோற்றால் கிறிஸ்துமஸுக்கு வந்து என் வீட்டுப் பாத்திரம் கழுவு.

ஜோசபின்


மான்மவுத் ஜங்ஷன்
2 ஆகஸ்ட் 1989

பிலிப்,

வந்து ஒரு வாரம் ஆகிறது. மச்சான், "போன் பண்ணிச் சொல்லிடேன்" என்கிறார். போனில் சொல்ல வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நடுவில் கோபப்படாமல் படி.

டீச்சர் அதே வீட்டில்தான் இருக்கிறார், நான்காவது மாடி, லிஃப்ட் அப்போதும் ஓடவில்லை, இப்போதும் ஓடவில்லை. கதவைத் திறந்து ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "ஜோசபினா. குண்டாயிட்டே" என்றார். கட்டிக்கொண்டோம். தலை முழுக்க வெள்ளை. மேஜையில் உட்கார வைத்து, பொரித்த மாவு உருண்டை, ஆப்பிள் ஜாம், பால் விட்ட டீ. கிண்ணத்தின் அடியில் நாலு வாய்தான் ஊற்றினார். குடித்தேன், மறுபடி நாலு வாய். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நாம் வந்தால் இன்னும் இரு என்று சொல்லும் வீடு இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு நமக்குத் தெரியாததைச் சொன்னார்.

1986 டிசம்பரில் அஸ்காரும் சதுக்கத்தில் நின்றிருக்கிறான். பிடித்துக்கொண்டு போய், தலையில் அடித்து, ஊருக்கு வெளியே பனியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். காலேஜிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜனவரியில் டீச்சர் வேலை பார்த்த இடத்தில் கூட்டம். மேடைக்கு அழைத்து, "நல்ல சோவியத் குடும்பத்துப் பிள்ளை, தேசியவாதிகள் கெடுத்துவிட்டார்கள், என் மகனை நான் கண்டிக்கிறேன் என்று சொல்லுங்கள் சௌலே காசிமொவ்னா" என்றார்களாம். எழுந்து நின்றாராம். "என் பேர் அது இல்ல. நான் யெர்ஜான் தௌலெத்தோட மக. நீங்க சுட்டீங்களே, அந்த வாத்தியாரோட மக. என் புள்ளைய யாரும் கெடுக்கல, தாத்தா மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே ஏழு தலைமுறையையும் ஒப்பித்தாராம். அசல் ஏழு. அம்மா முகாமிலிருந்து திரும்பி வந்து காதோடு சொல்லிக்கொடுத்த பெயர்கள். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக, எல்லார் முன்னாலும். அந்த வாரமே வேலை போயிற்று. பென்ஷன் பாதியாயிற்று. நாடகக் கொட்டகையில், பார்க்க வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைக்கும் இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சோறு போட்டிருக்கிறார்.

தேதியைப் பார்த்தாயா, பிலிப்? ஜனவரி 1987. உன் புரூஃப் எனக்கு வந்தது ஏப்ரலில். நீ எழுத்தைப் போட்டபோது அவர் அதை ஊரறியச் சொல்லி முடித்திருந்தார். நான் போன் போட்டு மறைத்தபோது அங்கே மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

உன் புத்தகம் அலமாரியில் இருந்தது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு. அஸ்கார் அகராதி வைத்துக்கொண்டு படித்துச் சொன்னானாம். "எங்கப்பா நல்லா வந்திருக்கார். ஒட்டகத்து மேல பலகை ஏத்திக்கிட்டுப் போறதெல்லாம் அப்படியே கண்ணுல தெரியுது" என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். காலியாக விட்டாயே, அந்த வரிமேல் விரலை வைத்தார். "எல்லாரும் இருக்காங்க. நான் எங்கே? பிலிப் என்னை மறந்துட்டானா?"

"மறக்கல டீச்சர். போட்டிருந்தான். நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன். ஏன் என்று கேட்டார். உங்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று சொன்னேன். நம் சண்டையைச் சொன்னேன். யார் பேசுவது சரி என்று கேட்கத்தான் வந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

டீச்சர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ரெண்டு வருஷம் என் பேரை வெச்சு நீங்க ரெண்டு பேரும் கடிதம் எழுதிக்கிட்டீங்க?"

"ஆமா டீச்சர்."

"நிறைய?"

"நிறைய."

"எனக்கு ஒண்ணுகூட எழுதலையே, ஜோசபினா. புள்ள தலையில கட்டோட கிடந்தப்போ உனக்கு அட்டை போட்டேன். நீ டாக்டர்னு போட்டேன். என்ன எழுதறதுன்னு தெரியாம வெறும் கையெழுத்து மட்டும் போட்டேன். பதில் வரும்னு தினம் கீழே இறங்கித் தபால் பெட்டியப் பார்த்தேன். பிலிப் புத்தகம் அனுப்பினான், உள்ளே நல்லா இருக்கீங்களான்னு ஒரு துண்டுச் சீட்டு வைக்கல. எங்கப்பாவைப் பத்தி ஒரு ரூமுக்குள்ள உக்காந்து முடிவு பண்ணினாங்க, எங்கம்மாவைக் கேக்கல. நீங்களும் அப்படித்தானே பண்ணீங்க?"

உங்களுக்காகத்தான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

டீச்சர் எழுந்து போய்க் கெட்டிலைக் கொண்டுவந்தார். என் கிண்ணத்தை எடுத்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். விளிம்பு வரை வந்து, தட்டில் கொஞ்சம் சிந்தியும் விட்டது. என் முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணம் எடுத்தார். அதையும் விளிம்பு வரை நிரப்பினார்.

"இது பிலிப்புக்கு" என்றார். "அவன் வரலையே. அவனோடதையும் நீயே குடிச்சுட்டுக் கிளம்பு."

இரண்டையும் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், நாக்கு வெந்தாலும் நிறுத்தவில்லை. கோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். கதவு வரை வந்தார். முத்தம் கொடுக்கவில்லை.

நீ சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்று அவர் சொல்லவே இல்லை. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், அதே வீடுதான். நான் தினமும் உட்கார்கிறேன், "அன்புள்ள டீச்சருக்கு" என்பதைத் தாண்டிக் கை போகவில்லை. நீ எழுதுவாய். உனக்கு எழுத வரும்.

அக்கா